ஆயா தட்டில் சோறு மிச்சம்: ஸ்பூன் வாங்குவதா, தட்டை மாற்றுவதா?

மறதி நோய் (டிமென்ஷியா) வந்த பெரியவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டால் வீட்டில் இரண்டு யோசனை கிளம்பும். வெளிநாட்டில் இருப்பவர் ஏதாவது ஒரு கருவியின் லிங்க்கை அனுப்புவார். உள்ளூரில் இருப்பவர் சத்து பவுடர் டப்பாவோடு வந்து நிற்பார். எங்கள் வீட்டிலும் அதேதான். மஸ்கட்டிலிருந்து அண்ணன், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் மின்சார ஸ்பூனின் படத்தை அனுப்பி, "வெல கெடக்கட்டும் பாப்பா, வாங்கிடலாமா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே சரி சொல்ல மனசு வரவில்லை. தண்டையார்பேட்டையில் அண்ணியோடு இருக்கும் அம்மாவுக்கும் டிமென்ஷியா, திருவொற்றியூரில் தனியாக இருக்கும் பெரியம்மாவுக்கும் டிமென்ஷியா. இரண்டு பேர் வீட்டிலும் சோறு மிச்சமாகிறது. ஆனால் காரணம் வேறு வேறு. அம்மாவுக்குத் தட்டு முன்னால் இருந்தும் சாப்பாடு நடப்பதில்லை. பெரியம்மாவுக்குச் சாப்பாடு தட்டுக்கே வந்து சேருவதில்லை. ஒரே ஸ்பூன் இந்த இருவருக்கும் என்ன செய்துவிடும்?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களுக்கென்று விற்கும் பொருள்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் பெரும்பாலானவை ஸ்பூனும் ஃபோர்க்குமாக மேஜையில் சாப்பிடும் ஊர்களை நினைத்துச் செய்தவை. கையால் பிசைந்து, எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு, அண்ணாந்து தண்ணீர் குடித்தே பழகிய வடசென்னை ஆயாவுக்கு எது ஒத்துவரும், எது வராது என்பதுதான் இங்கே பேச்சு.

வாங்குவதற்கு முன்னால் ஓரிரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பாருங்கள். சாப்பிட வேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லையா? தட்டு எதிரே இருந்தும் சோறு கண்ணில் படவில்லையா? கண்ணில் பட்டும் கை போகவில்லையா? வாய்க்குள் போனது கன்னத்திலேயே அடைந்து நிற்கிறதா? தண்ணீர் குடித்ததும் இருமல் வருகிறதா? கடையில் விற்கும் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் மருந்து. அப்புறம், வாய்ப்புண், ஆடும் பல்செட், மலச்சிக்கல், மனச்சோர்வு இதெல்லாம்கூடப் பசியைத் தின்றுவிடும். மறதிக்கென்று பரவலாக எழுதித் தரும் டோனிபெசில் மாத்திரையும் சிலருக்குக் குமட்டல், பசியின்மை, எடைக்குறைவு கொடுக்கும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் சாப்பாடு எப்போது குறைய ஆரம்பித்தது, மாத்திரை எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு தேதியையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தட்டு

அம்மாவிடம் கவனித்ததைச் சொல்கிறேன். எவர்சில்வர் தட்டு, வெள்ளைச் சோறு, தலைக்கு மேல் டியூப்லைட். தட்டில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது. குழம்பு ஊற்றியிருந்த பக்கத்தை மட்டும் பிசைந்து சாப்பிட்டார். மறுபக்கம் இருந்த வெறும் சோற்றைத் தொடவே இல்லை. கை தட்டின் விளிம்பைத் தடவிவிட்டு மடிக்குத் திரும்பிவிட்டது. "ஆயா, சோறு இங்க கீது பாரு" என்று அண்ணன் பையன் விரலை வைத்துக் காட்டியதும் அதையும் எடுத்துச் சாப்பிட்டார். பசி இருந்திருக்கிறது, சோறுதான் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் அடிக்கடி பேசப்படுவது பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2004ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு. டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் முற்றிய நிலையில் இருந்த 9 பேருக்கு வெள்ளைத் தட்டு, தம்ளருக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்தார்கள். சாப்பாடு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடியது. பளிச்சென்ற நீலத்திலும் பலன் தெரிந்தது. வெளிறிய சிவப்பு, வெளிறிய நீலத்தில் தெரியவில்லை. 9 பேரை வைத்து, அதுவும் எல்லோரும் ஆண்கள், ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் தட்டு விலையை நினைத்தால் செய்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டுச் சிவப்புத் தட்டு வாங்க ஓடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த ஊர்ச் சாப்பாடு வேறு. சிவப்புத் தட்டில் காசிமேட்டு மீன் குழம்புச் சோற்றைப் போட்டால் சிவப்புக்குள் சிவப்பு மறைந்துவிடும். நம் அடுக்களையில் நீல நிறத்தில் எதுவும் சமைப்பதில்லை. சோறு, தயிர், சாம்பார், மீன் குழம்பு, கீரை என எதை வைத்தாலும் அடர் நீலத்தில் எடுத்துக்காட்டும். தைவானைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஷா யாவ், அல்சைமர் வந்த தன் பாட்டிக்காக யோசித்து உருவாக்கிய 'ஈட்வெல்' செட்டிலும் கிண்ணத்தின் உட்புறம் நீலம்தான். 2014ல் ஸ்டான்ஃபோர்டு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது அது. கிண்ணத்தின் அடி சாய்வாக இருப்பதால் உணவு ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளும், ஸ்பூனின் வளைவு அந்தப் பக்கத்தோடு ஒட்டிப் போகும். யோசனை அருமை. ஆனால் அது ஸ்பூனுக்கான கிண்ணம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சில ஆயிரங்கள் போகும். கஞ்சியும் கூழும் ஸ்பூனில் ஊட்டும் நிலை வந்தவர்களுக்கு அந்தப் பணம் தகும். பிசைந்து சாப்பிடுகிறவருக்கு அந்தச் சின்ன வாய்க் கிண்ணத்தில் கை புரளாது.

அதற்குப் பதில் வண்ணாரப்பேட்டை பாத்திரக் கடைகளில் கிடைக்கும் அடர் நீல மெலமின் தட்டு போதும். பூப்போட்டது வேண்டாம். பூவை எடுத்துச் சாப்பிடப் பார்ப்பார்கள். விளிம்பு சாய்வாக இல்லாமல் செங்குத்தாக, இரண்டு விரல் உயரத்துக்கு நிற்க வேண்டும். அந்தச் சுவரில் முட்டித்தான் சோறு கைக்குள் ஏறும். தட்டு நகராமல் இருக்க ரப்பர் மேட் விற்கிறார்கள், ஒரு ஈரத் துணியை மடித்து அடியில் வைத்தாலும் அதே வேலை நடக்கும்.

வாழை இலை? அதுவும் ஒரு நல்ல தேர்வுதான். பச்சையில் வெள்ளை பளிச்சென்று தெரியும், பளபளப்பு கிடையாது, இலையைப் பார்த்ததும் 'சாப்பாடு' என்று பழைய நினைவு தானாக வரும். கீரையும் கறிவேப்பிலையும்தான் இலையில் காணாமல் போகும். ரசம் ஓடும், விளிம்பு இல்லை, சிலர் இலையையே கிழித்து வாயில் வைத்துவிடுவார்கள். தட்டின் அளவுக்கு வெட்டி உள்ளே போட்டால் ஓடுவது நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு இலை, மற்ற நாளுக்கு நீலத் தட்டு என்று அண்ணி வைத்துக்கொண்டார்.

டியூப்லைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒண்டுக் குடித்தன வீடுகளில் பகலிலும் இருட்டு. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் அவருடைய நிழலே தட்டில் விழும். பல்பை மாற்ற முடியாவிட்டால் உட்காரும் இடத்தையாவது திருப்பிப் போடுங்கள். டிவியையும் அணைத்துவிடுங்கள். சீரியல் ஓடும்போது கை பாதியில் நின்றுபோவதைப் பார்க்கலாம்.

கையா, ஸ்பூனா?

அண்ணன் அனுப்பிய வகை ஸ்பூனில் பிரபலமானது லிஃப்ட்வேர். அனுபம் பதக் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு, 2014ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. கைப்பிடிக்குள் இருக்கும் சென்சார் நடுக்கத்தை உணர்ந்து, மோட்டார் எதிர்ப்பக்கமாக அசைத்து, ஸ்பூன் முனையை நிலையாக வைக்கும். கை நடுங்குபவருக்கு இது பெரிய உபகாரம். நடுக்கவாதம் என்கிற பார்க்கின்சனோடு சேர்ந்து வரும் டிமென்ஷியாவில் ஆரம்பக் கட்டத்தில் சிலருக்கு உதவலாம். அல்சைமரில் சிக்கல் பெரும்பாலும் நடுக்கத்தில் இல்லை. கையில் இருக்கும் பொருள் எதற்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசைதான் கலைந்துபோகிறது. எந்த மோட்டாரும் அதைச் சரி செய்யாது. போதாக்குறைக்குச் சார்ஜ் போட வேண்டும், சாதாரண ஸ்பூனைவிடக் கனமும் கூட.

அம்மாவிடம் சாதா ஸ்பூன் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் துடைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கழுவி வந்த பாத்திரம் என்று நினைத்தாரோ என்னவோ. அதே அம்மாவின் வலது கையைப் பிடித்துச் சோற்றின் மேல் வைத்ததும் விரல்கள் தாமாகப் பிசைந்தன, உருட்டின, கட்டைவிரல் வாய்க்குள் தள்ளியது. சின்ன வயதிலிருந்து செய்துவந்த அசைவு, புதிதாகக் கற்றது எல்லாம் போன பிறகும் நிற்கிறது. அதனால் என் கணக்கு இதுதான்: கை வேலை செய்கிற வரைக்கும் ஸ்பூனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். சட்டையில் சிந்துகிறது, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக ஸ்பூனுக்கு மாற்றுவதும், நாமே ஊட்டிவிட ஆரம்பிப்பதும் அவரிடம் மிச்சம் இருப்பதையும் பிடுங்கிக்கொள்வதில்தான் முடியும்.

உட்கார்ந்து சாப்பிடப் பொறுமை இல்லாமல் நடந்துகொண்டே இருப்பவர்களுக்குக் கையில் எடுத்துப் போகும் பலகாரம் நல்லது. நாலாக வெட்டிய இட்லி, குழிப்பணியாரம், மெத்தென்ற அடை, வேகவைத்த சர்க்கரைவள்ளி, உருண்டை பிடித்த தயிர் சோறு. மேலை நாடுகளில் இதற்கென்று தனியாக மெனு போடுகிறார்கள், நமக்கு டிபன் முழுக்க அதுதான். மீன் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். நெத்திலியும் முள் மீனும் வேண்டாம். சுறாவில் முள் கிடையாது, குருத்தெலும்புதான். ஆனால் சுறா புட்டு உதிரி உதிரியாக இருப்பதால் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குப் புரையேறும். குழைந்த ரசம் சோற்றோடு நெய் விட்டுப் பிசைந்து கொடுக்க வேண்டும்.

விரல் மடங்காதவர்களுக்கு, பக்கவாதம் வந்து ஒரு கை போனவர்களுக்குத் தடித்த கைப்பிடி ஸ்பூன் நிஜமாகவே உதவும். சைக்கிள் கைப்பிடி ரப்பரை ஸ்பூன் காம்பில் செருகினாலே போதும். சாப்பாடு ஊட்டும் ரோபோவும் இருக்கிறது. அமெரிக்காவின் 'ஓபி', நாலு குழிகளிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுவரும். எது வேண்டும் என்று சாப்பிடுகிறவர்தான் ஸ்விட்ச் அழுத்திச் சொல்ல வேண்டும். கை போய் மூளை தெளிவாக இருப்பவர்களுக்கான கருவி அது, நமக்கு நேர் எதிர்.

தம்ளர்

எல்லோரும் தட்டைப் பற்றியே பேசுகிறார்கள், ஆபத்து தம்ளரில் இருக்கிறது. நம்மவர்கள் எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார்கள். தலை பின்னால் போனால் மூச்சுக்குழல் வாசல் திறந்தபடி இருக்கும். விழுங்குவது மந்தமான ஒருவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குப் போக இதைவிட நல்ல வழி வேண்டாம். அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தைச் சொல்லி நிறுத்த முடியாது. தம்ளரைத்தான் மாற்ற வேண்டும்.

குழந்தைகளுக்கு வாங்கும் மூக்கு வைத்த சிப்பர் முதலில் எல்லோருக்கும் தோன்றும். சிந்தாது, உண்மை. ஆனால் அதையும் தலையைச் சாய்த்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் நாக்கின் பின்பக்கம் போய் விழுகிறது. ஸ்ட்ரா உறிஞ்சத் தெரிகிற வரை சரி. சிலருக்கு உறிஞ்சுவது மறந்துபோகும், சிலர் ஒரேயடியாக இழுத்துவிடுவார்கள். மூன்றாவது வகை, மூக்கு இடிக்காமல் ஒரு பக்கம் வளைவாக வெட்டிய கப். தலையை நிமிர்த்தியபடியே கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம். இந்த மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தம்ளரை வெட்டி, விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியும் செய்துகொள்ளலாம். நிறம் நீலமோ சிவப்போ இருக்கட்டும். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

தாகமே எடுக்காதவர்களுக்காக இங்கிலாந்தில் லூயிஸ் ஹார்ன்பி என்பவர், டிமென்ஷியா வந்த தன் பாட்டியை நினைத்து 'ஜெல்லி டிராப்ஸ்' செய்தார். மிட்டாய் மாதிரி கலர் கலராக இருக்கும், 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதே யோசனையை இங்கே கடல்பாசியில் (அகர் அகர்) செய்யலாம். மண்ணடிப் பக்கம் நோன்புக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள்தான். சென்னை வெயிலிலும் உருகாது, தட்டில் வைத்துவிட்டால் போகிற வருகிற போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். சீசனில் நுங்கும் உண்டு. ஆனால் கடல்பாசி வாயில் கரையாது, மெல்ல வேண்டும். நுங்கு வழுக்கும். தர்பூசணியில் கெட்டியும் சாறும் ஒன்றாக வரும். ஆக, இதெல்லாம் விழுங்குவதில் தொல்லை இல்லாதவர்களுக்கு மட்டும்.

தொல்லை இருப்பதற்கு அறிகுறி: குடித்ததும் இருமல், குரலில் ஈரக் கரகரப்பு, திரும்பத் திரும்ப வரும் சளிக் காய்ச்சல். இதைப் பார்த்தால் எந்தக் கப்பும் வாங்காதீர்கள், முதலில் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். அங்கே சொன்னால், தண்ணீர் சட்டென்று மூச்சுக்குழலுக்குள் ஓடாதபடி அதைக் கெட்டியாக்கும் பவுடர் பற்றி யோசிக்கலாம். "கஞ்சித் தண்ணி கெட்டியாத்தானே இருக்கு, பவுடர் எதுக்கு?" என்று அண்ணி கேட்டது நியாயமான கேள்வி. ஸ்டார்ச்சால் கெட்டியானது எச்சில் பட்டதும் நீர்த்துப்போகும், எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி அதைக் கரைத்துவிடும். சாந்தன் கம் என்ற பிசின் கலந்த பவுடர் அப்படி நீர்க்காது. இரண்டிலும் உள்ள குறை, கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் மொத்தமாகக் குடிப்பதே குறைந்துபோவது. அதனால் அரைகுறையாகக் கேள்விப்பட்டு எல்லோருக்கும் பவுடர் கலக்க வேண்டாம்.

தனியாக இருக்கும் பெரியம்மா

இங்கே கதை வேறு. போனில் கேட்டால் "துன்ட்டேன்டி, நீ துன்னியா?" என்பார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் டிபன் கேரியர் மூடியே திறந்திருக்காது. பொய் சொல்லவில்லை, நேற்றுச் சாப்பிட்டது இன்றைய கணக்கில் வந்துவிடுகிறது.

இதற்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர், அலாரம், கேமரா என்று மூன்று யோசனை வந்தது. பேசும் பெட்டி அவருக்குச் சரிவராது என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். ஆள் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் யார், எங்கே என்று வீடு முழுக்கத் தேடுவார். போன் அலாரம், பேத்தி குரலில் பதிவு செய்து வைத்தது, ஆரம்பக் கட்டத்தில் வேலை செய்யும். ஆனால் அலாரம் அடித்தால் அதை நிறுத்துவதோடு கடமை முடிந்தது என்றாகிவிடும். கேமரா மூன்றிலும் உருப்படியானது. சாப்பிட்டாரா என்பது தெரியும். இரண்டாயிரம் மூவாயிரத்தில் வந்துவிடும். சாப்பிடும் இடத்தைப் பார்த்து மட்டும் வையுங்கள், அவரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். கரன்ட் போனால் அதுவும் போச்சு. முக்கியமாக, அது பார்க்கும், ஊட்டாது. சாப்பிடவில்லை என்று தெரிந்த பிறகு யார் போவது என்று முடிவு செய்யாமல் கேமரா வாங்குவது நம் மனக்கவலையைக் கூட்டத்தான் உதவும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மத்தியானம் வீடியோ கால். அந்தப் பக்கம் நானும் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். நான் வாய் வைத்தால் அவரும் வைக்கிறார். கூட ஆள் இருந்தால் சாப்பாடு இறங்கும். அது முடியாத நாளில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு மெசேஜ். முதியோர் உதவி எண் 14567ல் தமிழிலேயே பேசி என்னென்ன உதவி கிடைக்கும் என்று கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் ஊழியரிடமும் சொல்லிவையுங்கள்.

அடுப்பு இன்னொரு தலைவலி. பெரியம்மா இன்னமும் காபி போடுகிறார், அதை நிறுத்த விருப்பமில்லை. காஸ் கசிவு அலாரம் வாங்கலாமா என்று பேச்சு வந்தது. அலாரம் கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. இண்டக்‌ஷன் அடுப்பு தானாக அணையும், பாதுகாப்பு. ஆனால் அந்தத் தொடு பட்டன்களைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வயதும் நிலையும் தாண்டிவிட்டது. குறித்த நிமிஷத்தில் காஸை நிறுத்திவிடும் டைமர் வால்வுதான் எங்களுக்குப் பொருந்தியது. அவர் திருகுவது அதே பழைய குமிழ், அணைப்பதை மட்டும் வால்வு பார்த்துக்கொள்ளும். காஸ் ஏஜென்சி ஆளைக் கேட்காமல் நீங்களே டியூபை வெட்டி மாட்டாதீர்கள்.

சத்து பவுடருக்கு வருவோம். ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல், எடை குறைபவர்களுக்கு இந்த வகைப் பானங்கள் உடம்பைத் தேற்ற உதவும் என்கிறது. மறதியைச் சரி செய்யக் கொடுப்பதை அது ஏற்கவில்லை. டப்பாவில் 'மூளை' என்று போட்டிருந்தால் அந்த வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு மேல் கொடுத்தால் லாபம், சாப்பாட்டுக்குப் பதில் கொடுத்தால் நஷ்டம். வேகவைத்த முட்டையும் பொட்டுக்கடலை மாவும் ஒரு ஸ்பூன் நெய்யும் முதலில் முயன்று பார்க்கலாம். சர்க்கரை வியாதி, கிட்னிக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு.

மூக்கு வழியாக டியூப் போடுவது பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கேட்கத்தான் போகிறார்கள். மேலே சொன்ன அதே வழிகாட்டுதலும், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் முற்றிய டிமென்ஷியாவில் டியூப் உணவைப் பரிந்துரைப்பதில்லை. ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறுவதைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்கிறார்கள். காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்து சில நாளைக்கு மட்டும் போடுவது வேறு விஷயம். 'எத்தனை நாளைக்கு, எப்போது எடுப்பீர்கள்?' என்ற கேள்வியை அப்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, இவ்வளவும் பலிக்கிறதா என்று காட்டும் ஒரே கருவி எடை மெஷின். மாதம் ஒரு தடவை, அதே மெஷினில், அதே மாதிரிப் புடவையில். ஒரே மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ இறங்கினால் சும்மா இருக்கக் கூடாது. 50 கிலோ இருப்பவருக்கு ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ. நிற்க முடியாதவர் என்றால் ஜாக்கெட் கை தொளதொளக்கிறதா, வளையல் முன்பைவிட மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் இன்னொரு தட்டு வாங்கும் யோசனையை விட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.